பழகாத எஞ்சினுக்கு அளவுகோல் எதற்கு?

மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்த நண்பர்களிடம் நாம் இப்போதெல்லாம் கேட்கும் முதற்சொல் 'எத்தனை குதிரைத்திறன்?' என்பதே. லேத் பட்டறையிலிருந்து சிலிண்டர் திரும்பி, வண்டி கூட்டப்பட்டு, கிக்கரின் சில உதைகளில் எஞ்சின் உயிர்பெற்றதும், மறுநாளே அதை டைனோவில் ஏற்றி அளந்து, அந்த அளவை வைத்துக் கார்புரேட்டரைத் திருத்திவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். துடிப்பு இயல்பானதுதான். செலவிட்ட பணத்திற்கும் காத்திருந்த வாரங்களுக்கும் ஒரு சான்று வேண்டாமா? எனினும், பழகாத எஞ்சினை அளந்து திருத்துவது வீண்வேலை என்பதோடு நில்லாமல், அந்த எஞ்சினுக்கே தீங்காக முடியலாம் என்பது நம் கருத்து.

இலக்கியம் பேசும் இடத்தில் பிஸ்டனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, 1974இல் வெளிவந்த ராபர்ட் பிர்சிக்கின் 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' நாவலை நினைவூட்டுவோம். அதில் கதைசொல்லியின் வண்டி இறுகி நின்றுவிடுகிறது. பட்டறையில் எஞ்சினைத் திரும்பத் திரும்பப் பிரித்துக் கூட்டியும் பழுது தீர்வதில்லை. எண்ணெய் செல்லும் வழியில் முறிந்து கிடந்த, 25 சென்ட் விலையுள்ள ஒரு சிறு ஊசிதான் காரணம் என்பது பின்னரே தெரியவருகிறது. திறமைக் குறைவைவிட, நின்று பார்க்காத அவசரமே அங்கே குற்றவாளி. நாம் பேசப்போவதும் அந்த அவசரத்தைப் பற்றித்தான்.

சென்னைத் திருவொற்றியூரில் பல தலைமுறைகளுக்கு உருவாகி, இன்று தயாரிப்பில் இல்லாத வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் 350ஐ எடுத்துக்கொள்வோம். 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. வீச்சு, 346 சி.சி. கொள்ளளவு, திறன் சுமார் 18 குதிரை. தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்குகளும் பொருத்துகிறார்கள். ரீபோர் முடிந்ததும் ஹோனிங். சிலிண்டரின் உட்சுவரைக் கண்ணாடிபோல் வழுவழுப்பாக்குவது இதன் நோக்கமன்று. சுமார் 45 பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டும் நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே இழுக்கிறார்கள். பள்ளங்கள் எண்ணெயைப் பிடித்துவைக்கும். மேடுகளின் முனைகள் ரிங்கோடு உரசி மழுங்கும். அந்த உரசலில் ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. பட்டறைகளில் 'ரன்னிங்-இன்' என்று சொல்லப்படுவது இதுதான். அது முடியும்வரை ரிங் சுவரை முழுவட்டமாகத் தொடுவதில்லை. அங்கங்கே தொடுகிறது, அங்கங்கே கசிகிறது.

இதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. பூப்போல ஓட்டவேண்டும் என்பது ஒன்று. பிரிட்டனில் ஒருகாலத்தில் புதுக் கார்களின் பின்கண்ணாடியில், 'எஞ்சின் பழகிக்கொண்டிருக்கிறது, முந்திச் செல்லுங்கள்' என்ற பொருளில் அட்டை ஒட்டியிருப்பார்கள். முதல் நாளிலிருந்தே முழுமூச்சாக முறுக்கவேண்டும் என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமன்று; எரிந்த வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து தள்ளுவதே பெரும் அழுத்தம். ஆகவே சுமையே இல்லாமல் நின்ற இடத்தில் மணிக்கணக்காக ஓடவிட்டால் ரிங் படியாது. சுவரில் எண்ணெய் காய்ந்து மெருகேறிவிடும். அதன்பின் வண்டி புகையடிக்கும், எண்ணெய் குடிக்கும்; மீண்டும் பிரித்து ஹோனிங் செய்வதே வழி. மறுபக்கம், அலுமினியம் வெப்பத்தில் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். புது உராய்வின் சூட்டோடு முழுமூச்சு ஓட்டமும் சேர்ந்தால், பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளி மறைந்து எஞ்சின் இறுகிவிடும். நெடுஞ்சாலையில் அது நேர்ந்தால் பின்சக்கரமும் சேர்ந்து நிற்கும். பழக்குவது என்றால் அஞ்சி ஓட்டுவதன்று. சுமையையும் ஓய்வையும் மாற்றி மாற்றித் தருவது.

இனி டைனோவுக்கு வருவோம். பின்சக்கரம் ஒரு கனத்த உருளையைச் சுழற்றுகிறது. உருளை வேகமெடுக்கும் விதத்திலிருந்தோ, அதற்குத் தரப்படும் தடையிலிருந்தோ திறன் கணக்கிடப்படுகிறது. கூடவே காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம் புகையிலிருந்து அறியப்படுகிறது. பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், முழுத்திறனுக்கு 12.5 முதல் 13 வரை கொண்டுவருவது வழக்கம். இதை ஒட்டியே கார்புரேட்டரின் ஜெட்டும் ஊசியும் மாற்றப்படுகின்றன. கருவியில் பிழையில்லை. அது அளக்கும் எஞ்சின்தான் இன்னும் முடிவான எஞ்சின் அன்று. எஞ்சினின் உள்ளுராய்வில் பெரும்பங்கு பிஸ்டனும் ரிங்குகளும் உண்டாக்குவது. அது நாளுக்குநாள் குறைந்துகொண்டிருக்கிறது. கசிவால் அழுத்தம் குறைகிறது. ரிங்கைத் தாண்டி மேலேறும் எண்ணெய் எரிந்து பிளக்கைக் கறுப்பாக்கி, கலவையைப் பற்றிய கணிப்பைக் குழப்புகிறது. இந்த நிலையில் பொருத்திய ஜெட், சில நூறு கிலோமீட்டர் கழித்து இருக்கப்போகும் எஞ்சினுக்கு உரியதன்று. அது பெட்ரோல் குறைந்த பக்கம் பிசகியிருந்தால் சூடு ஏறும். பிசகை அறிவிக்க அங்கே கருவியும் இராது.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சுள்ள இன்றைய சிலிண்டர்களும் நுட்பமான ஹோனிங்கும் ரிங் படியும் காலத்தைச் சுருக்கிவிட்டன என்பது உண்மை. தடை தரும் டைனோவிலேயே சுமையைக் கூட்டியும் குறைத்தும் எஞ்சினைப் பழக்கும் வல்லுநர்களும் உண்டு. அதை நாம் எதிர்க்கவில்லை. அங்கே டைனோ ஒரு சாலை, தீர்ப்பாளர் அன்று. பழக்குவது எங்கே நடக்கிறது என்பதைவிட, அளப்பதற்கு முன் நடந்ததா என்பதே கேள்வி.

அப்படியானால் ஒழுங்கு என்ன? சாதாரண மினரல் ஆயில் ஊற்றி, கிளப்பியதும் வீணே நிறுத்திவைக்காமல் சாலைக்கு எடுத்துச்செல்ல வேண்டும். நடுவேகத்தில் ஆக்சிலரேட்டரை அளவோடு திறந்து, பின் மூடி, வண்டி தானே வேகம் குறைய விடவேண்டும். குறுகிய ஓட்டம், பிறகு முழுமையாக ஆறவிடல். ஆறியபின் சிலிண்டர் ஹெட் நட்டுகளை அளவாக இறுக்கி, டேப்பெட் இடைவெளி பார்த்து, உலோகத்தூள் கலந்த முதல் எண்ணெயைச் சீக்கிரமே வடித்துவிட வேண்டும். கம்பிரஷன் அளவு ஏறுமுகம் விட்டு நிலைத்து நிற்பதும், எண்ணெய் குறையாமல் இருப்பதும் எஞ்சின் பழகிவிட்டதற்கான அடையாளங்கள். அதன்பின் டைனோ தரும் எண்ணுக்குப் பொருள் உண்டு.

பழகாத எஞ்சினில் கிடைத்த குறைந்த எண்ணைப் பார்த்து, 'போர் சரியில்லை' என்று லேத்காரரைக் குறை கூறுவதையும் காண்கிறோம். விரலால் தடவியே சுவரின் நிலையைச் சொல்லும் ஒருவரது பல்லாண்டு உழைப்பு, உரியகாலத்துக்கு முன் அச்சான ஒரு வரைபடத்தால் மறுக்கப்படுகிறது. எழுதி முடித்த இரவே படைப்பை மதிப்புரைக்கு அனுப்பிவிட்டு மதிப்புரையாளரோடு சண்டையிடுவதை ஒத்தது இது. அளவுகோலைக் கைவிடச் சொல்லவில்லை. சில நூறு கிலோமீட்டர் காத்திருந்து, அதற்குரிய நேரத்தில் அதைக் கையிலெடுங்கள் என்கிறோம். லேத்காரருக்கும் எஞ்சினுக்கும் செய்யும் குறைந்தபட்ச நியாயம் அது.