வெள்ளை வளையங்கள்

யுத்தகாலப் புகைப்படங்கள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்றை நண்பர் ஒருவர் என் முன்னே விரித்து வைத்தார். ஜெர்மானியரின் 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கி. வானத்தை நோக்கி நீண்ட குழாய்; அதைச் சுற்றி வரிசையாய் வெள்ளை வளையங்கள்; வளையம் ஒன்றுக்கு விமானம் ஒன்று வீழ்ந்ததாகக் கணக்கு. பக்கத்தில் இறுகிய தாடையும் நிமிர்ந்த தலையுமாய்ச் சிப்பாய்கள். "என்ன கம்பீரம், பார்த்தீரா!" என்றார் நண்பர்.

பார்த்தேன். கம்பீரமாய்த்தான் இருந்தது. என் கோபத்துக்குக் காரணமே அதுதான்.

இந்தப் படத்தை எடுத்தவன் யார்? வழியோடு போன வேடிக்கைக்காரனா? ஹிட்லரின் ராணுவத்தில் 'பிரசாரக் கம்பெனிகள்' என்ற பெயரிலேயே படைப்பிரிவுகள் இருந்தன. காமிராவும் பேனாவுமே அவர்களின் ஆயுதங்கள். தணிக்கைக்காரன் தலையசைத்த படம்தான் பத்திரிகைக்குப் போகும். 1945-ல் அந்த ஆட்சி மண்ணோடு மண்ணாயிற்று. அது எடுத்த படமோ இன்னும் தன் உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இல்லாவிட்டால், நாஜிகளை மனமார வெறுக்கிற என் நண்பர் வாயிலிருந்து 'கம்பீரம்' என்ற சொல் எப்படி வந்தது?

மியூஸியங்களையாவது நம்பலாம் என்று பார்த்தால், அங்கேயும் பெரும்பாலும் இதே கதைதான். துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, பீரங்கியைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவைக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை: குழாயின் விட்டம் இவ்வளவு, குண்டு எட்டும் உயரம் இவ்வளவு. எல்லாம் சரியான எண்கள். சரியான எண்களைக் கொண்டும் பொய் சொல்லலாம்.

பலகையில் இல்லாத எண்களை நான் சொல்கிறேன். 1943 பிப்ரவரி முதல் ஜெர்மன் பள்ளிக்கூடங்களிலிருந்து பையன்களை வகுப்பு வகுப்பாக இந்தப் பீரங்கிகளுக்கு அனுப்பினார்கள். முதலில் போனவர்கள் 1926, 1927-ல் பிறந்தவர்கள். பலருக்கு மீசைகூட அரும்பவில்லை. யுத்தம் முடிவதற்குள் சுமார் 2 லட்சம் பேர். பகலில் வாத்தியார் பீரங்கி மேடைக்கே வந்து பாடம் நடத்துவார். ராத்திரி அபாயச் சங்கு ஊதினால் பையன் பீரங்கிக்கு ஓட வேண்டும். பின்னாளில் போப்பாண்டவரான 16-ஆம் பெனடிக்டும், நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் குந்தர் கிராஸும் அந்தப் பையன்களில் இருவர். பிழைத்துப் பெரியவர்களானதால் இந்தப் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. மேடையிலேயே செத்தவனுக்குப் பலகை ஏது?

குண்டு சுமந்தவர்களில் ரஷ்யப் போர்க் கைதிகளும் இருந்தார்கள். கைதியை யுத்த காரியத்தில் நேரடியாக ஈடுபடுத்தக் கூடாது என்று 1929 ஜெனீவா ஒப்பந்தம் சொல்லிற்று. ரஷ்யா அதில் கையெழுத்திடவில்லை என்பது ஜெர்மனியின் சாக்கு. 'விரும்பி வந்தார்கள்' என்று சொல்வதும் உண்டு. முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட ரஷ்யக் கைதிகள் பட்டினியிலும் நோயிலும் துப்பாக்கிச் சூட்டிலும் மடிந்த முகாம்களிலிருந்து வந்தவனுக்கு விருப்பம் என்று ஒன்று இருந்ததா, ஐயா?

இப்போது அந்த வெள்ளை வளையத்துக்கு வருவோம். 1944-ல் ஒரு விமானத்தை வீழ்த்த இந்த ரகப் பீரங்கிகள் சராசரி 16,000 குண்டுகள் சுட வேண்டியிருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வெடிமருந்துக் குப்பியோடு சேர்த்து ஒரு குண்டு சுமார் 15 கிலோ. அப்படியானால் ஒரு வளையத்துக்கு 2,40,000 கிலோ! அத்தனையையும் தூக்கித் தூக்கிக் கொடுத்த கைகள் யாருடையவை? அந்தக் கைகளைப் படத்திலே காட்டுங்கள். பிறகு கம்பீரத்தைப் பற்றிப் பேசலாம்.

"அது தற்காப்பு ஆயுதம்தானே? ஊரைக் காக்க வைத்தது தவறா?" என்று நண்பர் மடக்கினார். தற்காப்பா? 1936-ல் பிராங்கோவுக்கு உதவ ஸ்பெயினுக்குப் போனதே, அது எந்த ஜெர்மன் ஊரைக் காக்க? 1940-ல் பிரான்ஸில் டாங்கிகளைத் துளைத்ததே, அது யார் வீட்டு வாசலில்? 1943 ஜூலையில் ஹாம்பர்க் பற்றி எரிந்து பல்லாயிரம் பேர் மாண்டார்கள். குண்டு போட்டவர்களின் பாவத்தை நான் கழுவ வரவில்லை. ஆனால் ஊரைக் காக்கும் என்று நம்பவைத்த பீரங்கிகள் அன்று காக்கவில்லை. அவற்றை நம்பி வீட்டிலிருந்தவர்கள் செத்தார்கள்.

நானும் கதை எழுதிப் பிழைப்பவன். எதைக் காட்டுகிறோம் என்பதைப் போலவே எதை விடுகிறோம் என்பதும் எழுதுகிறவனின் பொறுப்பு என்று எனக்குத் தெரியும். பீரங்கியை உடைத்து உருக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அது இருக்கட்டும். பக்கத்தில் அந்தப் பையனின் பாட நோட்டை வையுங்கள். அந்தக் கைதியின் தகரக் குவளையை வையுங்கள். பார்க்க வருகிற குழந்தை, "இது இங்கே எதற்கு?" என்று அப்பாவைக் கேட்கட்டும். அப்பா கொஞ்சம் திணறட்டும்.