டாபிக்கு ஒரு காலுறை போதுமா?

2000 ஜனவரியில் லண்டனில் விட்பிரெட் விருதுக்கான நடுவர்கள் கூடியபோது, கடைசியில் இரண்டு புத்தகங்கள் எதிரெதிரே நின்றன. ஒன்று, ஆயிரம் ஆண்டுப் பழமையான ‘பேவுல்ஃப்’ காவியத்துக்கு ஷேமஸ் ஹீனி செய்திருந்த புதிய மொழிபெயர்ப்பு. மற்றொன்று, ஜே.கே.ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையில் மூன்றாம் புத்தகம். நூலிழையில் ஹீனி வென்றார். ரௌலிங்குக்கு விருது போய்விடக் கூடாது என்று நடுவர்களில் ஒருவரான ஆண்டனி ஹோல்டன் கடுமையாக வாதாடினார். பிறகு பத்திரிகையிலும் எழுதினார். அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று சாடியவர்கள் உண்டு.

கால் நூற்றாண்டு கடந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஹாரி பாட்டர் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் மேட்டிமைக்காரர், இல்லையென்றால் மதப் பழமைவாதி, அதுவும் இல்லையென்றால் ஊரே கொண்டாடுவதை வேண்டுமென்றே வெறுப்பவர் என்று ஒரு முத்திரை தயாராக இருக்கிறது. எந்தப் பக்கம் பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டிருந்தால், இந்தப் புத்தகங்களை மிகக் கவனமாகப் படித்தவர்களில் பலர் பிடிக்காதவர்கள் பக்கம்தான் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கும்.

1997 ஜூனில் முதல் புத்தகம் வந்தபோது கெட்டி அட்டைப் பதிப்பில் அச்சானவை 500 பிரதிகள். 2007 ஜூலையில் ஏழாவது வந்தபோது, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சேர்த்து ஒரே நாளில் ஒரு கோடிக்கு மேல் விற்றது. இன்று 80-க்கும் அதிகமான மொழிகளில் மொத்த விற்பனை 60 கோடியைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பரவலாகப் படிக்கப்படும் ஒரு கதை, எது நல்லது, யார் கெட்டவர், யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுக்கிறது. அதனால்தான் அதன் மீதான அதிருப்தியைத் தரம்பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், மதத்தின் பெயரால் வந்த எதிர்ப்பு. அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கில், 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி மிக அதிகமாக எதிர்ப்பு வந்தது ஹாரி பாட்டருக்குத்தான். 2001 டிசம்பரில் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ நகரில் ஒரு தேவாலயத்தார் இவற்றைத் தீயிலிட்டார்கள். ஆர்கன்சா மாநிலத்தின் சீடர்வில் பள்ளிகளில் பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி இருந்தால்தான் புத்தகத்தைத் தொட முடியும் என்ற நிலை வந்தது. 2003-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புத்தகத்தில் மந்திரம் இருக்கிறது என்பதைத் தவிர இவர்களுக்கு வேறு குறை இல்லை. படிக்காமலே எரிக்கக்கூடிய புத்தகத்தைப் பற்றி அவர்களோடு விவாதிக்க எதுவும் இல்லை.

அடுத்தது பேராசிரியர்களின் எதிர்ப்பு. இதில் புகழ்பெற்றது, 2000-ல் ஹரால்ட் ப்ளூம் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழில் எழுதிய கட்டுரை. முதல் புத்தகத்தின் நான்காம் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் ஏழு தேய்வழக்குகள் இருப்பதாக எண்ணிக் காட்டினார். கால்களை நீட்டி நடந்துவரலாம் என்று ஒருவர் கிளம்புவதை உதாரணமாகத் தந்தார். அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால், அப்படிக் கிளம்புகிறவர் ஹாரியின் பெரியப்பா வெர்னன் டர்ஸ்லி. துரப்பணக் கருவி செய்யும் நிறுவனத்தில் இயக்குநர். மதிய இடைவேளையில் எதிர்ச்சாரியில் இருக்கும் பேக்கரிக்குப் பன் வாங்கப் போகிறார். வழக்கத்துக்கு மாறான எதையும் சகிக்காத மனிதர் அவர். அவருடைய நாளைச் சொல்லும் நடையில் தேய்ந்த சொற்கள் வராமல் வேறெங்கே வரும்? ப்ளூம் ஷேக்ஸ்பியரை ஆழ்ந்து படித்தவர். ஆனால், இங்கே அவர் எண்ணினார், படிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இதற்காக ரௌலிங்கின் நடையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பிரிட்டன் பதிப்பில் 223 பக்கங்களில் தொடங்கிய வரிசை, ஐந்தாம் புத்தகத்தில் 766 பக்கங்களாக ஊதிப்போனது. ஹாரியின் கோபமும் கூச்சலும் பக்கம் பக்கமாக நீளும்போது, இதில் இருநூறு பக்கத்தைக் குறைக்கச் சொல்ல ஒருவரும் துணியவில்லையா என்று தோன்றும்.

2003-ல் நாவலாசிரியர் ஏ.எஸ்.பயட் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் வேறொரு குறை சொன்னார்: இந்த உலகம் முழுக்கப் பிறருடைய கதைகளிலிருந்து திரட்டிய துண்டுகளால் ஆனது. உண்மைதான். அனாதைச் சிறுவன், விடுதிப் பள்ளி, நள்ளிரவில் அறையை விட்டு நழுவும் நண்பர்கள், பணக்காரத் திமிர் பிடித்த வகுப்புத் தோழன் ஆகிய எல்லாமே ஆங்கிலப் பள்ளிக் கதை மரபில் நூறாண்டுக்கு மேல் புழங்கியவை. எனிட் பிளைட்டனின் மேலரி டவர்ஸ் கதைகளைப் படித்தவர்களுக்கு ஹாரியின் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸ் பழகிய இடம். ஆனால், இரவல் வாங்குவது குற்றமென்றால் உலகில் பாதிக் கதைகளைத் தள்ளிவிட வேண்டியிருக்கும். வாங்கியதை வைத்து என்ன செய்தார் என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தவர் உர்சுலா லெ குவின். மந்திரவாதப் பள்ளிக்குப் போகும் சிறுவனின் கதையை 1968-லேயே எழுதியவர் அவர். 2004-ல் ‘கார்டியன்’ இதழ் கேட்டபோது, முதல் புத்தகம் அந்த வயதுக்கு நல்ல தீனிதான் என்று ஒப்புக்கொண்டார். நடை சாதாரணம், கற்பனை இரவல் என்றார். கூடவே, அறநோக்கில் ஏதோ ஒரு சிறுமை இருக்கிறது என்றும் சொன்னார். பொறாமையில் சொல்கிறார் என்று ரசிகர்கள் ஒதுக்கிவிட்டார்கள். எனக்கோ, ஹாரி பாட்டர் பற்றிச் சொல்லப்பட்ட விமர்சனங்களில் இதுவே மிகத் துல்லியமானது என்று படுகிறது.

அவருடைய ‘எர்த்ஸீ’ கதையில், கெட் என்ற சிறுவன் சக மாணவனிடம் ஜம்பம் காட்டப்போய் ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். அது அவனைத் துரத்துகிறது. கடைசியில் நடுக்கடலில் அதை நேருக்கு நேர் சந்தித்து, தன் சொந்தப் பெயராலேயே அழைக்கிறான். தீமை அவன்தான். ஹாரிக்குள்ளும் தீமையின் ஒரு துண்டு இருக்கிறது. ஆனால், அது வில்லன் வால்டமோர்ட்டின் ஆன்மாவிலிருந்து சிதறி வந்து ஒட்டிக்கொண்ட அந்நியப் பொருள். அது அழிந்ததும் ஹாரி சுத்தமாகிவிடுகிறான். தன்னைத்தானே சந்தேகிக்க வேண்டிய தேவை அவனுக்குக் கடைசிவரை பெரிதாக வருவதில்லை. ஒரு கதாநாயகனுக்கு அந்தச் சலுகையைக் கொடுத்துவிட்டால், அவன் பக்கத்தில் நிற்பவர்கள் செய்வதெல்லாம் சரியாகிவிடும்.

முதல் புத்தகத்தின் தொடக்கத்திலேயே அது நடக்கிறது. பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோரைப் பற்றி வெர்னன் டர்ஸ்லி தரக்குறைவாகப் பேசுகிறார். ஹாரியைப் பள்ளிக்கு அழைக்க வந்த ஹாக்ரிட்டுக்குக் கோபம் வருகிறது. ஆனால், மந்திரத்தை ஏவுவது பேசிய பெரியவர் மீதல்ல. மகன் டட்லி மீது. பதினோரு வயதுப் பையனுக்குப் பின்புறம் பன்றி வால் முளைக்கிறது. முழுப் பன்றியாக மாற்றத்தான் நினைத்தேன், ஏற்கெனவே பாதி அப்படித்தானே இருக்கிறான் என்கிற பொருளில் ஹாக்ரிட் சொல்ல, வாசகர் சிரிக்க வேண்டும். டட்லி கொடுமைக்காரப் பையன்தான். ஆனால், இங்கே கேலி அவனுடைய கொடுமையைப் பற்றியதல்ல, உடம்பைப் பற்றியது. நான்காம் புத்தகத்தில் ஹாரியின் நண்பன் ரானின் அண்ணன்களான வீஸ்லி இரட்டையர்கள் நாக்கை நீள வைக்கும் மிட்டாயை அவன் கண்ணில் படும்படி நழுவவிடுகிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் பசியோடு இருக்கும் பையன் எடுத்துத் தின்பான் என்று தெரிந்தே. வகுப்பில் குண்டு என்று கூப்பிடப்படும் ஒரு சிறுமியோ சிறுவனோ இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தால், அவர்களுக்கு ரசனை இல்லை என்று எப்படிச் சொல்வது?

முதல் புத்தகத்தின் முடிவில் ஆண்டு விருந்து. கூடம் முழுக்க ஸ்லிதரின் இல்லத்தின் பச்சையும் வெள்ளியும் தொங்குகின்றன. ஸ்லிதரின் 472 புள்ளிகள், ஹாரியின் இல்லமான கிரிஃபின்டார் 312. எல்லோரும் உட்கார்ந்த பிறகு டம்பிள்டோர் எழுந்து, ரானுக்கு 50, தோழி ஹெர்மயனிக்கு 50, ஹாரிக்கு 60 என்று கொடுக்கிறார். கணக்கு சமமாகிறது. பிறகு அதே இல்லத்து நெவிலுக்குப் பத்து. கைதட்டியதும் தோரணங்கள் சிவப்பும் பொன்னுமாக மாறுகின்றன. அந்த நால்வரும் பாராட்டுக்குரியவர்களே. ஆனால், ஓர் ஆண்டு முழுக்கப் பாடத்திலும் விளையாட்டிலும் புள்ளி சேர்த்து, வென்றுவிட்டோம் என்று நம்பி உட்கார்ந்திருக்கும் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அந்த மேசையில் இருக்கிறார்கள். புள்ளிகளை முன்கூட்டியே கொடுத்திருக்க முடியும். அவர்கள் தலைக்கு மேலேயே தோரணத்தை மாற்றியது ஒரு தலைமையாசிரியர் செய்யக்கூடாத காரியம். அவர்கள் முகத்தைக் கதை நின்று பார்ப்பதேயில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கனமானது வீட்டு எல்ஃப்களின் கதை. இரண்டாம் புத்தகத்தில் டாபி என்ற எல்ஃப் அறிமுகமாகும்போது, அவன் நிலைமை தெளிவாக அடிமை நிலைமை. கிழிந்த தலையணை உறைதான் உடை. எஜமானருக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னால் தன் தலையைத் தானே சுவரில் மோதிக்கொள்ள வேண்டும். எஜமானர் துணி கொடுத்தால் மட்டுமே விடுதலை. ஹாரியின் சாமர்த்தியத்தால் ஒரு காலுறை டாபியின் கையில் போய் விழுகிறது. படித்த குழந்தைகள் எல்லோரும் மகிழ்ந்த இடம் அது.

நான்காம் புத்தகத்தில், ஹாக்வார்ட்ஸ் சமையலறையிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எல்ஃப்கள் கூலியில்லாமல் வேலை செய்கிறார்கள் என்பது ஹெர்மயனிக்குத் தெரியவருகிறது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுகிறாள். எல்ஃப்களுக்காக ஓர் அமைப்பு தொடங்குகிறாள், பேட்ஜ் விற்கிறாள். இந்த இடத்திலிருந்து கதை தன் குரலை மாற்றிக்கொள்கிறது. அமைப்பின் சுருக்கப் பெயரே கேலிக்கு ஆளாகிறது. ரான் சலித்துக்கொள்கிறான். நல்லவரான ஹாக்ரிட்டே, உழைப்பது அவர்கள் பிறவிக் குணம், விடுவிப்பது கருணையாகாது என்கிறார். விடுவிக்கப்பட்ட விங்கி என்ற எல்ஃப் அவமானத்தில் குடித்து அழிகிறாள். டாபிக்கு டம்பிள்டோர் வாரத்துக்குப் பத்து கேலியன் கூலியும் வார இறுதி விடுமுறையும் தர முன்வரும்போது, டாபியே பேரம் பேசி ஒரு கேலியனுக்கும் மாதம் ஒரு நாளுக்கும் இறக்குகிறான்.

அடிமைகள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள், விடுதலை அவர்களைக் கெடுத்துவிடும் என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களில் பண்ணை முதலாளிகள் சொன்ன வாதம். கொடியவன் வாயில் அது வந்தால் குழந்தைகள் அடையாளம் கண்டுகொள்வார்கள். இங்கே அது நல்லவர்கள் வாயில் வருகிறது. எல்ஃப்களின் நடத்தையோ அதை மெய்ப்பித்துக் காட்டுகிறது. மறுத்துப் பேசும் ஒரே சிறுமி கோமாளியாக்கப்படுகிறாள். கறுப்பின வாசகர்கள் பலருக்கு இந்தப் பகுதி ஏன் கசக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

ரசிகர்களின் மறுமொழியையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் புத்தகத்தில், கிரீச்சர் என்ற எல்ஃபை மதிக்காததன் விலையைத்தான் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் கொடுத்தார் என்று டம்பிள்டோர் சொல்கிறார். ஏழாவதில் ஹாரி அன்பாகப் பேசியதும் கிரீச்சர் ஆளே மாறிவிடுகிறான். போரில் எல்ஃப்களைத் தலைமையேற்று நடத்துகிறான். டாபி இறந்தபோது மந்திரக்கோலைத் தொடாமல், மண்வெட்டி பிடித்து ஹாரியே குழி தோண்டுகிறான். முழு வரிசையிலும் என்னை மிகவும் அசைத்த பக்கங்கள் அவை. ஹெர்மயனி சொன்னதே சரி என்று கதை திரும்புகிறதோ என்ற நம்பிக்கை அப்போது வருகிறது.

ஆனால், போர் முடிந்து, வால்டமோர்ட் விழுந்து, பத்தொன்பது ஆண்டுக்குப் பிந்தைய பின்னுரை தொடங்குவதற்கு முன், கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பத்திகளில் ஹாரி என்ன நினைக்கிறான்? தன் கட்டிலுக்குப் போகலாம், கிரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவருவானா என்று. சிரியஸின் சொத்தோடு சேர்ந்து தனக்கு வந்த கிரீச்சரை அவன் விடுவிக்கவில்லை. விடுவிக்கலாமா என்று நினைத்ததாகவும் இல்லை. இது வில்லன் செய்யும் காரியமல்ல, களைத்துப்போன நல்ல பையனின் இயல்பான ஆசை என்பதுதான் உறுத்துகிறது. எஜமானர் அன்பாக இருந்தால் போதும், ஏற்பாடு அப்படியே இருக்கலாம் என்று கதை முடிவுசெய்துவிட்டது.

திருநர்கள் குறித்து ரௌலிங் 2020 ஜூனில் வெளியிட்ட கருத்துகளுக்குப் பிறகு, படங்களில் ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃப் உட்படப் பலர் அவரோடு வெளிப்படையாக முரண்பட்டார்கள். பல வாசகர்கள் விலகினார்கள். இப்போது ஹாரி பாட்டர் மீதான எல்லா விமர்சனத்தையும் அந்தக் கணக்கில் எழுதிவிடும் போக்கு தெரிகிறது. அது சரியல்ல. லெ குவின் பேசியது அதற்குப் பல ஆண்டுகள் முன்னால். எல்ஃப்களைப் பற்றிய முணுமுணுப்பு, நான்காம் புத்தகம் வந்த 2000-த்திலிருந்தே இருக்கிறது. ஆசிரியர் யாரென்று தெரியாத ஒருவர் படித்தாலும் அந்தச் சாண்ட்விச் அங்கேதான் இருக்கும்.

பின்னுரையில் ஹாரியின் இளைய மகன் ஆல்பஸ் பள்ளிக்கு ரயிலேற நிற்கிறான். ஸ்லிதரினில் சேர்த்துவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம். போர் முடிந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதே நான்கு இல்லங்கள், பிள்ளைகளை அவற்றுக்குப் பிரித்து அனுப்பும் அதே தொப்பி. பதினோரு வயதில் ஒரு பிள்ளை எப்படிப்பட்டவன் என்று முடிவுகட்டும் அதே ஏற்பாடு. ஸ்லிதரினுக்கு ஒரு நல்ல மாணவன் கிடைப்பான் என்று ஹாரி தேற்றுகிறான். பயம் போகவில்லை. அப்படியென்றால் வேண்டாமென்று தொப்பியிடம் சொல், அது கேட்டுக்கொள்ளும் என்று மகன் காதோடு சொல்லி அனுப்புகிறான்.