காளிக்கு வேஷம் கட்டியது யார்?

2006ஆம் ஆண்டு. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணன்களும் பக்கத்து வீட்டுப் பையன்களும் டிவியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழடி உயர ஆள் ஒருவன் உறுமிக்கொண்டு வந்து அண்டர்டேக்கரை அடித்துச் சாய்த்தான். "நம்மாளுடா! கிரேட் காளி!" என்று ஒருவன் கத்தினான். வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆயா திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "காளி பொம்பளையாச்சேடா. இவன் எவன்?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயாவுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆளின் பெயர் தலீப் சிங் ராணா. இமாசலப் பிரதேசத்துக்காரர், பஞ்சாப் காவல்துறையில் வேலை பார்த்தவர். அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஇ நிறுவனம் அவரை வில்லனாக இறக்கியபோது காளியின் பெயரைச் சூட்டியது. அவர் பேசவில்லை, உறுமினார். அவருக்காகப் பேச வேறொருவர் கூடவே வந்தார். 2008இல் அவரை நல்லவராக மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணை மேடையேற்றி அவருக்கு முத்தம் கொடுக்கவைத்தார்கள். பெண் தெய்வத்தின் பெயர் அவரை அரக்கனாக்கியது. பெண்ணின் முத்தம் அவரை மனிதனாக்கியது. இரண்டு வேலைக்கும் பெண் தேவைப்பட்டாள். குஸ்தி போட மட்டும் அவள் தேவைப்படவில்லை.

முடிவை முன்பே எழுதிவைத்து ஆடும் இந்தக் குஸ்தியில் வில்லனுக்குக் கட்டும் வேடத்தை 'கிம்மிக்' என்பார்கள். கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு 'வேஷம்' என்ற சொல்லே போதும். ஆள் மேடைக்கு வரும் அரை நிமிடத்தில் கூட்டம் அவனை வெறுத்தாக வேண்டும். அரை நிமிடத்தில் புதிதாக ஒரு வெறுப்பை உண்டாக்க முடியாது. ஊரில் ஏற்கெனவே கிடக்கும் வெறுப்பைத்தான் எடுத்துப் போர்த்த முடியும்.

அப்படித்தான் மிசிசிப்பியில் பிறந்த ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற கறுப்பின மனிதருக்கு முகத்திலும் வயிற்றிலும் சாயம் பூசி, கையில் ஈட்டி கொடுத்து, 'உகாண்டா ராட்சசன் கமாலா' ஆக்கினார்கள். டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்ட 1979க்குப் பிறகு, ஈரானியரான வசீரி 'அயர்ன் ஷேக்' வேஷத்தில் அமெரிக்கர்களின் வெறுப்பை வாங்கிக்கொண்டார். 1984 ஜனவரியில் நியூயார்க்கில் அவரை வீழ்த்தித்தான் ஹல்க் ஹோகன் தேசத்தின் நாயகன் ஆனார். 1995இல் வந்த கோல்டஸ்டின் குற்றம், ஆணாக இருந்துகொண்டு பெண்போல நளினம் காட்டியது. அவ்வளவுதான் அவன் வில்லத்தனம். கொத்தட்டையிலும் கூவாகத்திலும் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழும் திருநங்கைகளை அறிந்த மாவட்டத்துக்காரர்கள் நாம். அதே பெண்மையைக் கேலி செய்யும் வேஷத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் கைதட்டிப் பார்த்தார்கள்.

"விசித்திரமான வில்லன்கள்" என்று ரசிகர்கள் இவர்களைப் பட்டியலிட்டுச் சிரிப்பார்கள். இதில் விசித்திரம் எதுவும் இல்லை. கறுப்பர், அந்நியர், திருநர், பெண் என்று ஊர் யாரை ஒதுக்கியதோ அவர்களின் பட்டியல்தான் இது.

எனக்கு உண்மையிலேயே விசித்திரமாகப் பட்ட வேஷம் ஒன்று உண்டு. 1990களின் கடைசியில் 'காட்ஃபாதர்' என்றொருவர் மேடைக்கு வருவார். பெண்களை வைத்துத் தொழில் நடத்தும் தரகர் வேஷம். பின்னால் வரிசையாகப் பெண்கள் நடந்து வருவார்கள். கூட்டம் குதூகலிக்கும். அவர் நாயகன். 2000இல் அதே ஆளுக்கு வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் மாட்டி, "இனி அந்தத் தொழில் வேண்டாம், இது அசிங்கம்" என்று சொல்லவைத்தார்கள். உடனே அவர் வில்லன். அந்தக் கோஷ்டிக்கு 'ரைட் டு சென்சார்' என்று பெயர். அதில் ஐவரி என்ற பெண்ணும் இருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, நீளப் பாவாடை, இழுத்துக் கட்டிய கொண்டை. மற்றப் பெண்கள் ஒருவர் உடையை ஒருவர் கிழித்தால்தான் வெற்றி என்று ஆட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. "இப்படிச் செய்யாதீர்கள்" என்று சொன்ன பெண்ணைப் பார்த்து அரங்கமே ஊளையிட்டது. அந்தக் கோஷ்டி ஒழுக்கப் போலீஸ் வேலை பார்த்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறுத்துப் பேசும் பெண்ணுக்கு அந்த மேடையில் வேறு வேஷமே இல்லை என்பதைக் கவனியுங்கள். உடையைக் கிழிக்கச் சம்மதி, இல்லையென்றால் நீ வில்லி.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களிலும் துகிலுரிதல் நடக்கிறது. கூத்து மேடையில் துச்சாதனன் சேலையைப் பிடிக்கிறான். ஆனால் அங்கே கூட்டம் விசில் அடிப்பதில்லை, கைகூப்புகிறது. சேலையைத் தொட்டவன்தான் வில்லன் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. பதினெட்டாம் போர் முடிந்து, படுகளத்தில் துரியோதனனின் மண் உருவம் மல்லாந்து கிடக்க, விரித்த கூந்தலை அவள் முடிகிறாள். கூத்திலும் திரௌபதி வேஷம் வழிவழியாக ஆண்கள் கட்டியதுதான் என்ற என் சண்டை தனி. ஆனாலும் யாரை வெறுக்க வேண்டும் என்பதில் அந்த மேடைக்கு ஒரு தெளிவு இருந்தது.

அதே தெளிவைச் சிதம்பரத்தில் தேடினால் கிடைப்பதில்லை. தில்லைக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். சிவனும் காளியும் ஆட்டத்தில் மோதினார்கள். தோற்றவர் ஊர் எல்லைக்குப் போக வேண்டும் என்பது பந்தயம். இருவரும் சமமாக ஆடினார்கள். கடைசியில் அவர் காலைத் தலைக்கு மேல் தூக்கினார். பெண் என்பதால் நாணி அவள் நின்றுவிட்டாள். தோற்றாள் என்று தீர்ப்பு. இன்றும் நடராசர் ஊர் நடுவே ஆடுகிறார், தில்லைக்காளி வடக்கெல்லையில் இருக்கிறாள். கோப்பெருஞ்சிங்கன் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் என்று அதைச் சொல்வார்கள்.

முடிவு எழுதிவைத்த ஆட்டம் என்றால் இதுவல்லவா? ஆட்டத்தில் அவள் சளைக்கவில்லை, நாணத்தில் சிக்கவைக்கப்பட்டாள். நாணம் என்ற விதியை அவளுக்கு மட்டும் வைத்துவிட்டு, அந்த விதியை மதித்ததற்காகவே வெளியேற்றினார்கள். தூக்கியிருந்தால்? மானங்கெட்டவள் என்று அதே எல்லைக்கு அனுப்பியிருப்பார்கள்.

அடுத்த முறை சிதம்பரம் போகும்போது கோபுர வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். உட்சுவர்களில் 108 கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆடுகிறவர்கள் பெண்கள். கால் நெற்றிவரை போகும் 'லலாட திலகம்' அந்த 108இல் ஒன்று. அதையும் ஒரு பெண்தான் ஆடுகிறாள். பெண்ணால் தூக்க முடியாது என்று சொல்லும் கதையின் வாசலிலேயே தூக்கிய காலோடு அவள் நிற்கிறாள். சிற்பி பார்த்ததைச் செதுக்கினார். கதை சொன்னவர் வேண்டியதைச் சொன்னார்.

"எல்லாம் நடிப்புதானே, இதற்குப் போய் ஒரு கட்டுரையா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். அந்த நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மக்மஹோன் மேடையில் கெட்ட முதலாளி வேஷம் கட்டினார். 2001 மார்ச்சில், கதைப்படி, டிரிஷ் ஸ்ட்ராட்டஸ் என்ற வீராங்கனையை மேடையில் மண்டியிடவைத்து நாயைப்போலக் குரைக்கச் சொன்னார். கூட்டம் பார்த்து ரசித்தது. 2024 ஜனவரியில் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் அவர்மீது பாலியல் கொடுமை வழக்குத் தொடர்ந்தார். குற்றச்சாட்டை மறுத்துவிட்டு அவர் பதவி விலகினார். வழக்கின் உண்மையை நீதிமன்றம் சொல்லட்டும். குரைக்கச் சொன்ன காட்சிக்கு நீதிமன்றம் தேவையில்லை, அதை உலகமே பார்த்தது. வில்லன் வேஷம் அவருக்கு வசதியாக இருந்தது. எதைச் செய்தாலும் "பாத்திரம்" என்று சொல்லிவிடலாம். கமாலாவுக்கும் ஐவரிக்கும் அந்த வசதி இல்லை. அவர்கள் மேல் விழுந்த வெறுப்பு, அவர்களைப் போன்ற நிஜ மனிதர்கள் மேல் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த வெறுப்பு.

நடிப்பே இல்லாத மல்யுத்தத்துக்கு வருவோம். 2023 ஜனவரியில் வினேஷ் போகாட்டும் சாக்ஷி மாலிக்கும் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மல்யுத்தச் சம்மேளனத் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் வீராங்கனைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்பது புகார். அவர் மறுத்தார். வேஷம் யாருக்குக் கட்டப்பட்டது? ஏப்ரலில் ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷாவே தெருவில் போராடுவது ஒழுங்கீனம் என்றார். மே 28ஆம் தேதி, தமிழ்நாட்டு ஆதீனங்கள் சூழப் புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல் வைக்கப்பட்ட அதே நாளில், பதக்கம் வாங்கித் தந்த பெண்களைப் போலீசார் தெருவில் இழுத்துச் சென்றார்கள். போலீஸ் வண்டியில் அவர்கள் இறுகிய முகத்தோடு எடுத்த படத்தில் சிரிப்பை ஒட்டவைத்து யாரோ பரப்பினார்கள். நாட்டுக்குப் பதக்கம் வென்ற முகத்துக்கு ஒரே இரவில் வில்லி சாயம் பூசினார்கள். 2024 மே மாதம் டெல்லி நீதிமன்றம் பிரிஜ் பூஷண்மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்ய உத்தரவிட்டது. அதற்குள் சாக்ஷி மல்யுத்தத்தையே விட்டிருந்தார்.

நம் வீடுகளில் இந்த வேஷங்களுக்குத் தனிப்பெயர்கள் உண்டு. அடங்காப்பிடாரி. ராங்கி. வாயாடி. சண்டைக்காரி. "காளி மாதிரி நிக்காதே." பிடாரியும் காளியும் தெய்வங்களாக இருந்த ஊரில் அவை வசவாக மாறியது தானாக நடக்கவில்லை. கல்லூரியில் புகார் கொடுக்கும் மாணவியைக் கவனியுங்கள். விசாரணைக் குழுவின் கதவைத் தட்டும் முன்பே அவளுக்கு வேஷம் தயாராக இருக்கிறது. "அந்தப் பொண்ணு ஒரு மாதிரி" என்ற ஒரு வரி போதும். அந்த வரியை நாமும் கேன்டீனில் சொல்லியிருக்கிறோம். கட்டுரையில் எனக்கு எழுதக் கூசும் இடம் இதுதான்.

ஏனென்றால் எழுதுகிறவர் யாராக இருந்தாலும், கூட்டம் ஊளையிடாமல் வில்லி உருவாக முடியாது. 2018 ஆகஸ்டில் பெக்கி லிஞ்ச் என்ற வீராங்கனையை வில்லியாக்கினார்கள். தனக்கு வர வேண்டிய வாய்ப்பு இன்னொருத்திக்குப் போகிறது என்று பொங்கி எழுந்ததுதான் அவள் செய்த கெட்ட காரியம். கூட்டம் ஊளையிட மறுத்தது. கைதட்டியது. எழுதியவர்கள் கதையை மாற்ற வேண்டியதாயிற்று. 2019 ஏப்ரலில், ரெசில்மேனியா வரலாற்றில் முதல்முறையாகப் பெண்கள் ஆடிய கடைசி ஆட்டத்தில் ஜெயித்தவள் அவள்தான்.

ஆகவே அடுத்த முறை ஒரு பெண்ணைக் காட்டி "பிடாரி" என்று யாராவது சொன்னால் சேர்ந்து சிரிக்காதீர்கள். என் ஆயா கேட்டதுபோல், புடைக்கிற முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்: இந்த வேஷத்தைக் கட்டியவன் எவன்?