காட்டுல திருடன், கூண்டுல லட்சுமி

நம்ம ஆளுங்ககிட்ட ஒரு வினோதம் உண்டு. சூரியகாந்தியில கிளி இறங்கினா, "பாழாப்போன கிளி"ன்னு தகர டின்னைத் தட்டிக்கிட்டு வரப்பு வரப்பா ஓடுவோம். அதே கிளி கம்பிக் கூண்டுக்குள்ள உக்காந்து "அக்கா"ன்னு கூப்பிட்டா, கொய்யாப்பழத்தை நறுக்கி நீட்டி "வீட்டுக்கு லட்சுமி வந்திருக்கா"ன்னு சொல்லுவோம். எனக்கு இது ரொம்ப நாளாவே பிடிபடல.

இப்ப இதை எழுதுறதுக்குக் காரணம் என் மச்சினன். மதுரையில அடுக்குமாடி வீடு, ரெண்டாவது மாடி. அவன் மக நாலாங்கிளாஸ். கிளி வேணும்னு ஒரு மாசமா நச்சரிப்பு. போன் பண்ணி, "அத்தான், உங்க பிஞ்சை ஓரத்துல மொட்டைப்பனை நிக்குதே, அதுல குஞ்சு இருந்தா ஒண்ணு எடுத்து வைங்க. ரொம்பச் சத்தம் போடுமா, அதை மட்டும் சொல்லுங்க"ங்கிறான். முடியாதுன்னுட்டேன். வீட்டுக்காரிக்குக் கோவம். "எந்தம்பி புள்ள ஆசைப்பட்டுக் கேக்குது, ஒரு குஞ்சுதான?" ரெண்டு நாளா சாப்பாடு வருது, பேச்சு வரல. சரி, எழுதியாவது வைப்போம்.

முதல்ல அந்தச் சத்தம். போடும் தம்பி, நல்லாவே போடும். விடியக்காலம் ஒரு பாட்டம், பொழுதடையிற நேரம் ஒரு பாட்டம். ஏன் அந்த ரெண்டு நேரம்னு கேக்கணுமில்ல? கிளி தனியா பொழைக்கிற சாதி இல்ல. விடியவும் கூட்டமா இரைக்குப் போகும், சாயங்காலம் கூட்டமா வந்து ஒரே மரத்துல அடையும். சாயங்காலம் எங்க கம்மாக்கரை ஆலமரத்துக்குக் கீழ நின்னா பக்கத்துல நிக்கிறவன் பேசுறது கேக்காது. "நான் இங்க இருக்கேன், நீ எங்க இருக்க"ன்னு ஒண்ணை ஒண்ணு கூப்பிடுற சத்தம் அது. கூண்டுக்குள்ள கிடக்கிறதும் அதைத்தான் கூப்பிடுது. பதில்தான் வராது. பதில் வராதப்ப இன்னும் கத்தும். நீங்க கூண்டு மேல துணியைப் போட்டு மூடுவீங்க. கீழ்வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். கடைசியில எல்லாருமாச் சேர்ந்து கிளியைத்தான் வைவீங்க.

அது பேசுறதும் அப்படித்தான். கூட்டம் இல்லாததால வீட்டு ஆளுகளையே கூட்டமா நினைச்சு நம்ம சத்தத்தைப் படிச்சுக்குது. நாம அதைக் கேட்டுக் கைதட்டுறோம்.

ரெண்டாவது, குஞ்சு எங்கருந்து வருதுங்கிறது. சந்தையில விக்கிறவன்கிட்ட கேட்டா "எல்லாம் வீட்டுல பொரிச்சது"ம்பான். தை, மாசியிலருந்து பங்குனி, சித்திரை வரைக்கும் அது முட்டை வச்சுக் குஞ்சு பொரிக்கிற காலம். அந்த மாசங்கள்லயே சந்தையில குஞ்சா வந்து குமியுதே, எப்படி? மொட்டைப்பனைப் பொந்துதான். கொண்டை போன பனையில பொந்து இருக்கும், அதுல நாலஞ்சு முட்டை வைக்கும். பனையேறத் தெரிஞ்சவன் ஏறிப் பொந்துக்குள்ள கை விடுவான். கை நுழையலைன்னா அரிவாளால வெட்டி வாயைப் பெருசாக்குவான். அப்படி வெட்டின பொந்துல மழையும் காக்காயும் உள்ள வரும், அடுத்த வருசம் எந்தக் கிளியும் அதை ஏறிட்டுப் பாக்காது. ஒரு குஞ்சு போகல, ஒரு வீடே போச்சு. ஏற்கனவே செங்கல் சூளைக்குப் போன பனை கணக்கில்ல. பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல அரசாங்கம் சொன்னது, அதுக்கு முன்னாடியே எங்க பக்கம் பாதிப் பனை சூளைக்குள்ள போயிருச்சு. மிச்சம் நிக்கிற மொட்டைக்கும் "சும்மாதான நிக்குது"ன்னு வெலை பேச வர்றாங்க. சும்மா நிக்கல அய்யா, குடி இருக்கு.

எடுக்கிற குஞ்சுல எத்தனை பிழைக்கும்? கண்ணு முழிக்காததை அட்டைப்பெட்டியில போட்டு பஸ்ல கொண்டு போனா என்ன ஆகும்னு கோழி வளர்த்தவனுக்குத் தெரியும். "இது ஆண் கிளி, நல்லாப் பேசும்"னு கூடுதலா வாங்குவான் பாருங்க, அதைவிடப் பித்தலாட்டம் கிடையாது. ஆணுக்குக் கழுத்துல வளையம் விழவே ரெண்டு மூணு வருசம் ஆகும். குஞ்சைப் பாத்து ஆணா பொண்ணான்னு எவனும் சொல்ல முடியாது.

சட்டமும் இருக்கு. 1972-ம் வருசத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிக்கக்கூடாது, விக்கக்கூடாது, வீட்டுல வச்சு வளர்க்கவும் கூடாது. வளர்த்தவங்க வீட்டுக்கு வனத்துறை வந்து அபராதம் போட்டது பேப்பர்லயே வந்திருக்கு. "ஊர்ல அம்புட்டுப் பேரும் வளர்க்கிறான்"ங்கிறது அங்க செல்லாது.

கடையில லவ் பேர்ட்ஸ்னு விக்கிறது வேற கதை. அது ஆஸ்திரேலியாப் பறவை, தலைமுறை தலைமுறையா கூண்டுலயே பொரிச்சது, அதுக்கு இந்தச் சட்டம் இல்ல. எனக்கு அதுலயும் ஆசை இல்ல, அது அவங்கவங்க பாடு.

"நீ மட்டும் மாட்டைக் கயித்துல கட்டலையா"ன்னு ஒரு சொந்தக்காரர் மடக்கினார். கட்டுறேன். அவுத்துவிட்டாலும் சாயங்காலம் தொழுவுக்குத்தான் வரும். உங்க கிளியைக் கதவைத் தொறந்து விட்டுப் பாருங்க. அது திரும்பி வராதுங்கிறது தெரிஞ்சுதான றெக்கையைக் கத்தரிக்கிறீங்க? "கூண்டுல பத்திரமா இருக்கு, வல்லூறு தூக்காது"ங்கிறதும் அப்படித்தான். ஜெயில்லயும் லாரி மோதாது.

இன்னொண்ணு, கிளி ரெண்டு வருசத்துப் பொம்மை இல்ல. நல்லா வச்சா இருபத்தஞ்சு வருசம்கூட இருக்கும். மச்சினன் மக கல்யாணமாகிப் போன பிறகும் அது அதே கூண்டுல கத்திக்கிட்டு இருக்கும். வெறும் சோறும் சூரியகாந்தி விதையும் போட்டே வளர்த்தா ஈரல் கெட்டுப்போகும். சலிப்புல தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கிற கிளியை நான் பாத்திருக்கேன், கோழி உரிச்ச மாதிரி இருந்துச்சு. எங்க பக்கத்து மாட்டாஸ்பத்திரியில ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் ஊசி, கிளியைக் கொண்டு போனா சிரிப்பாங்க.

ஏற்கனவே வளர்க்கிறவங்க இதைப் படிச்சுட்டு இன்னைக்கே கதவைத் தொறந்து விட்டுறாதீங்க. றெக்கை வெட்டுனதும் பறந்து பழகாததும் பூனைக்குத்தான் போய்ச் சேரும். வனத்துறை ஆபீசுல ஒப்படைங்க.

கிளி எனக்கு நட்டம் பண்ணலைன்னு சொல்ல வரல. போன தடவை மேற்குப் பக்கத்து ரெண்டு சால் சூரியகாந்தியில பூ பூவா நோண்டிட்டுப் போயிருச்சு. தின்னதைவிட உதிர்த்தது அதிகம். மினுக்கு ரிப்பன் கட்டினேன், நாலு நாள் பயந்துச்சு, அஞ்சாம் நாள் ரிப்பன் மேலயே வந்து உக்காந்துச்சு. வைவேன், விரட்டுவேன், டின்னு தட்டுவேன். அது எனக்கும் அதுக்கும் உள்ள சண்டை, நேருக்கு நேர். பொந்துல கை விட்டுப் பிள்ளையைத் தூக்குறது சண்டையில்ல.

மருமககிட்ட போன்ல பேசிட்டேன். பொங்கல் லீவுக்கு ஒரு வாரம் வரச் சொல்லியிருக்கேன். அப்ப சூரியகாந்தி முத்தி நிக்கும், பொந்துக்கிட்ட சோடி சோடியா வந்து போகும். பரண்ல என்கூட உக்காந்து எண்ணிக்கிட்டே டின்னு தட்டலாம். "கிளி என்னை மாமான்னு கூப்பிடுமா"ன்னு கேட்டுச்சு. "நீயே கூப்பிடுறியே ஆத்தா, பத்தாதா"ன்னேன். வீட்டுக்காரி அதைக் கேட்டுட்டு, பழைய எண்ணெய் டின்னு ஒண்ணைக் கழுவி வெயில்ல கவுத்து வச்சிருக்கா. பேச்சு இன்னும் வரல.