தண்டவாளம் போன மேடு

இந்த வாரம் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. திருக்கடையூரைத் தாண்டியதும், பழைய ரயில் மேட்டில் ஒரு ஜேசிபி நின்றது. மேட்டை வெட்டி டிராக்டரில் மண் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ மனை நிரப்பவாம். இதை ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "ரயிலே வராத இடம், சும்மாதானே கெடக்கு" என்றார் ஓட்டுநர்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் ரயில், எண்பதுகளில் நின்றுபோனது. செம்பனார்கோயில், ஆக்கூர், பொறையார் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். அதை மறுபடி விட வேண்டும் என்ற குரல் இந்த வாரமும் எழுந்திருக்கிறது. நியாயமான கோரிக்கை. தெற்கே அகஸ்தியம்பள்ளிக்கு 2023இல் ரயில் திரும்பிவிட்டது. பேரளம்–காரைக்கால் தடத்திலும் அகலப் பாதை போட்டாகிவிட்டது. இது மட்டும் என்ன பாவம் செய்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு ரயிலை விட்டுவிட்டு மேட்டையே சுற்றுகிறது.

அந்த மேடுதான் எங்கள் காலை நடை. என் நாய்கள் வீரனையும் கருப்பியையும் பழைய வாசகர்களுக்குத் தெரியும். வீரன் சிப்பிப்பாறை இனம், கருப்பி தெருவில் எடுத்து வளர்த்தவள். நாட்டு நாய் வளர்க்கச் சொல்லி இந்தப் பத்தியில் நான் எழுதாத மாதமில்லை, இப்போதும் சொல்கிறேன். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கட்டிப்போடுவது கொடுமை. 2005இல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டது. தபால்தலையில் ஏறிய பெருமை வீட்டுக்குள் வரவில்லை. ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக வீரன் இந்த மேட்டில் ஓடுவதை ஒருமுறை பார்த்தவர் வேறு நாய் கேட்கமாட்டார்.

தை மாதம். இரண்டு பக்கமும் சம்பா தலை சாய்ந்து நிற்கிறது. அறுப்புக்கு முன்பே தாளுக்கடியில் விதைத்த உளுந்து முளைவிட்டிருக்கிறது. தண்டவாளம் போய்விட்டாலும் அங்கங்கே ஜல்லி கிடக்கிறது. நாய்கள் அதில் கால் வைப்பதில்லை. ஓரத்து மண்ணில் தாங்களே ஒற்றையடிப் பாதை போட்டுவைத்திருக்கின்றன. நெருஞ்சி குத்தினால் கருப்பி குரைக்கமாட்டாள். முன்காலைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். விரல் இடுக்கை விரித்து, மயிரை ஒதுக்கி, நகத்தால் முள்ளைப் பிடுங்கும்வரை அசையமாட்டாள்.

வாய்க்கால் குறுக்கிடும் இடங்களில் செங்கல் மதகு. இங்கே நிலம் கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. மேட்டை அடைத்துப் போட்டால் வயலில் தண்ணீர் தேங்கும் என்று தெரிந்து, வாய்க்காலுக்கு வாய்க்கால் வழிவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். மண்ணை அள்ளுகிறவர்கள் இந்த மதகின் தோளை நோக்கித்தான் வெட்டிக்கொண்டு வருகிறார்கள். அடுத்த பெருவெள்ளத்தில் செங்கல் சரியும், வாய்க்கால் அடைபடும், வயல் மூழ்கும்.

"ஐயா, நாயைப் பிடிச்சுக்குங்க, சினையாடு நிக்குது" என்று ஒரு அம்மா கூப்பிட்டார். வீரனைக் கயிற்றில் கட்டிவிட்டு நின்று பேசினேன். "வெள்ளம் வந்தா ஆடு மாட்டோட நாங்க ஏறுறது இந்த மேட்டுலதாங்க. இதையும் வெட்டிட்டா எங்க போறது?" என்றார். மிகையாகச் சொல்லவில்லை. 2022 நவம்பரில் இதே மாவட்டத்துச் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் வயலுக்கு மேலே ஓர் ஆள் உயரம் நிற்கும் மண் எவ்வளவு பெரிய சொத்து!

ரயில் நின்ற தடத்தைக் காப்பாற்றி வைத்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1963இல் பீச்சிங் அறிக்கை 2,363 ரயில் நிலையங்களை மூடச் சொன்னது. அங்கேயும் பல தடங்கள் வீடாகவும் ரோடாகவும் மாறிப்போயின. ஆனால் டெர்பிஷயரில் ரயில் நின்ற ஆஷ்போர்ன் தடத்தை 1971இல் பொதுமக்கள் நடக்கத் திறந்துவிட்டார்கள். டிசிங்டன் டிரெயில் என்று பெயர், 13 மைல். ரயில் ஏற வேண்டும் என்பதற்காகச் சரிவை மெல்லவே வைத்த பாதை. முழங்கால் வலிக்காரரும் நடக்கலாம், கூடவே நாயும் வரலாம்.

இங்கே அதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். எல்லைக்கல்லைத் தேடி நிமிர்த்தி, சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, மதகுகளைப் பழுதுபார்த்தால் போதும். ரயில் வருகிறதா, தாராளமாக வரட்டும், நாங்கள் இறங்கிக்கொள்கிறோம். வரும்வரை ஜனங்களும் ஆடுகளும் நாய்களும் நடக்கட்டும். ரயிலுக்கும் நடைக்கும் மேடு முழுசாக இருக்க வேண்டும். வெட்டிய பள்ளம் மதகுக்குப் பத்தடி தள்ளித்தான் இருக்கிறது. அள்ளியவர்களிடமே மண்ணைத் திரும்பக் கொட்டச் சொல்லி, ஐப்பசி மழைக்கு முன்னால் கெட்டித்துவிட வேண்டும்.