எழுத்துத் தடையும் இழந்ததாகக் கருதப்படும் இயல்பும்

ஐதராபாத்தின் பல்கலைக்கழக விடுதிகளில் பழகிப்போன புலம்பல் ஒன்று உண்டு. இளங்கலைக் காலத்தில் தங்குதடையின்றிக் கதையும் கவிதையும் எழுதியவர்கள், முனைவர் பட்ட ஆய்வுக்குள் நுழைந்தபின் ஒரு பத்தியும் எழுத இயலவில்லை என்கின்றனர். ஆய்வு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று கேட்கிறது. அப்பழக்கம் கதைக்கும் தொற்றிக்கொள்ள, வாக்கியம் முடியுமுன்பே அடித்தல் விழுகிறது. ‘இயல்பு போய்விட்டது’ என்று தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொண்டு சிலர் படைப்பிலக்கியத்தையே கைவிடுகின்றனர்.

இத்தீர்ப்பு அவசரமானது. அதற்கான சான்று இந்நகரிலேயே இருக்கிறது. 1931இல் செகந்தராபாத்தில் பிறந்த அசோகமித்திரன், நிஜாம் ஆட்சியின் இறுதி நாள்களையும் ரஜாக்கர்களின் காலத்தையும் 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்ததையும் பதின்பருவத்தில் கண்டவர். 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அந்நாள்களைக் களமாகக் கொண்ட ‘18வது அட்சக்கோடு’ 1977இல்தான் நூலாயிற்று. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். எனினும், கிரிக்கெட் ஆடும் இளைஞன் சந்திரசேகரனின் அன்றாடத்துக்குள் வரலாறு நுழையும் விதம் நேற்று நிகழ்ந்தது போலவே இருக்கிறது. ஆகவே இயல்பு என்பது எழுதும் வேகத்தைச் சார்ந்ததன்று. எழுதி முடித்த பக்கத்தில் வாசகர் உணர்வது அது. அந்த இடைவெளியில் அவர் வாளாவிருக்கவும் இல்லை. ‘கரைந்த நிழல்கள்’, ‘தண்ணீர்’, ஏராளமான சிறுகதைகள் என வேறு களங்களில் எழுதிக்கொண்டே இருந்தார்.

எல்லாத் தடைகளும் காலத்தால் கரையும் என்று சொல்வதற்கில்லை. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் எழுத வந்தார். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் சோதிக்கும் தணிக்கையாளர் ஒருவர் தமக்குள் அமர்ந்துவிட்டதாக வெளிப்படையாகவே கூறினார். அடுத்த நாவலான ‘பூனாச்சி’யின் நாயகி ஒரு வெள்ளாடு. எழுதும் உரிமையை நீதிமன்றம் மீட்டுத் தரலாம். அச்சமின்மையை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தருவதில்லை.

இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழை. பெருமாள்முருகனின் தணிக்கையாளரைச் சமூகம் வலிந்து அமர்த்தியது. ஆய்வு மாணவரின் தேர்வாளரோ அவரே நாற்காலி போட்டு அமர்த்தியவர். அவரை விரட்ட வேண்டியதில்லை. முதல் வரைவு முடியும்வரை வெளியே காத்திருக்கச் செய்தால் போதும். இரண்டாம் வரைவில் அவரது கண்டிப்பு பயன்படவே செய்யும்.

பல்கலைக்கழகத் துறைகளுக்கும் இதில் பொறுப்புண்டு. முடிக்கப்பட்ட கட்டுரைகளுக்குக் கருத்தரங்க மேடைகள் இருக்கின்றன. முடியாத கதையொன்றை மதிப்பெண்ணுக்கு அஞ்சாமல் வாசித்துக் காட்டவும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இலக்கியம் கற்பிக்கும் இடத்திலேயே இலக்கியம் எழுதும் கை முடங்குமானால், அக்குறையை மாணவரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று.