தகுதி மட்டும்தானா?

"வளாக நேர்காணலில் பெரிய சட்ட நிறுவனங்கள் தகுதியை மட்டுமே பார்க்கின்றன; வேலை கிடைக்காதவர் திறமை குறைந்தவர்" என்கிறார்கள். இதை ஏற்க முடியாததற்குக் காரணங்கள் மூன்று.

ஒன்று: மும்பை, டெல்லி நிறுவனங்கள் 'டே ஜீரோ'வுக்கு, அதாவது வளாக ஆளெடுப்பின் முதல் நாளுக்கு, போவது பெரும்பாலும் சில தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத்தான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டோ ஆங்கிலத்தில் மட்டும். மதுரை அரசு சட்டக் கல்லூரி மாணவி தன் தகுதியை யாரிடம் காட்டுவாள்?

இரண்டு: பல வேலைகள் நேர்காணலுக்கு முன்பே, இன்டர்ன்ஷிப்பிலேயே முடிவாகிவிடுகின்றன. மும்பையில் ஒரு மாத அறை வாடகை, சாப்பாடு, லோக்கல் ரயில் பாஸ். உதவித்தொகை (கொடுத்தால்!) கைக்கு வருவதற்குள் அப்பா வட்டிக்கு வாங்கியிருப்பார். இதுவும் தகுதித் தேர்வில் சேர்த்தியா?

மூன்று: ஐந்தாண்டுப் படிப்பில் நான்காம் ஆண்டிலேயே பெரும்பாலும் ஆளெடுத்துவிடுகிறார்கள். தமிழ்வழியில் வந்து, ஆங்கில வகுப்பறையோடு மல்லுக்கட்டி, இந்த ஆளெடுப்புக்குப் பிறகு முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண்ணை எந்த நிறுவனம் பார்த்தது?